ஒன்பது வாயும் ஒரு பாட்டும்

'இதழ்' வந்த வருஷம் மதுரையில் முதலில் விலை ஏறிய சரக்கு கைக்குட்டை.

சத்தமில்லாத ஒரு முகத்தைக் காட்டினால் போதும், அந்த உதடு என்ன சொல்கிறது என்று 'இதழ்' கீழே எழுதிக் காட்டிவிடும். காது கேளாதவர்களுக்காகச் செய்தார்களாம். முதலில் அவர்களிடம் போனது, பிறகு போலீசிடம் போனது, அப்புறம் மாமியார்களிடம் வந்து சேர்ந்தது. செல்போனில் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் ஊரே பேச்சை மடித்து வைத்துக்கொண்டது. டீக்கடையில் யாரைப் பற்றியாவது பேசவேண்டுமானால் கிளாஸை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள். டீ தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. மேடையில் தலைவர்கள் ஃபைலுக்குப் பின்னால் பேசினார்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் காதலர்கள் முதுகோடு முதுகாக நின்று பேசியதைப் பார்த்தவர்கள், ஏதோ சண்டை போலிருக்கிறது என்று சமாதானம் செய்யப் போனார்கள்.

விளக்குத்தூண் பக்கம் 'பவளமல்லி ஜவுளி மாளிகை' நடத்தும் கோமதிநாயகம் அண்ணாச்சி மட்டும் இதில் கவலைப்படவில்லை. குடோனில் விலைபோகாமல் கிடந்த பிளவுஸ் பிட்டுகளை எடுத்து, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்துத் தைத்து, 'சொல்மறை' என்று பெயர் போட்டு வாசலில் தொங்கவிட்டார். வாயைத் திறக்கிறவனுக்கு ஒன்று வேண்டும், திறக்கப் பயப்படுகிறவனுக்கு மாற்றிப் போட இரண்டு வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை.

அவர் கடையின் புடவைப் பிரிவில் ஒன்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். வேலை என்றால் நிற்பது. காலையில் ஷட்டர் ஏறும்போது நிற்க ஆரம்பித்தால் இரவு இறங்கும்போதுதான் கால் மடங்கும். விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று சட்டம் இருந்தது. சட்டத்தை மதிக்கிறவர் அண்ணாச்சி, ஸ்டூல்கள் வாங்கியிருந்தார். அவை மூன்றாம் மாடியில் பாலிதீன் உறை பிரிக்கப்படாமல் இருந்தன. அதிகாரி வந்தால் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

வாடிக்கையாளர் முன்னால் ஊழியர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்பதும் கடையின் விதி. அதனால் அந்தப் பெண்கள் பல வருஷங்களாகக் குரல் இல்லாமல் பேசினார்கள். ஒரு கோடியில் நிற்கிறவள் உதட்டை மட்டும் அசைப்பாள். பக்கத்தில் இருப்பவள் அதை அடுத்தவளுக்குக் கடத்துவாள். அப்படியே வரிசையாகப் போய் மறுகோடியில் சிரிப்பு வெடிக்கும். எந்த வாடிக்கையாளர் வாங்கமாட்டார், யார் வீட்டில் காய்ச்சல், அன்றைக்கு அண்ணாச்சிக்கு என்ன மூடு, எல்லாம் அந்த வழியில்தான் போகும்.

'இதழ்' வந்த மறுமாதமே கண்காணிப்பு கேமராக்காரன் வந்து அதையும் சேர்த்து மாட்டிவிட்டுப் போனான். அந்த வாரமே தனம் என்ற பெண் அண்ணாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது திரையில் எழுத்தாக ஓடியது. வார்த்தை பெரிதில்லை, 'கஞ்சம்' என்பதுதான். தனம் மறுநாள் வேலைக்கு வரவில்லை, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் இடத்தில் வேறொருத்தி வந்து நின்றாள். அதன்பிறகு மற்றவர்கள் புடவையை விரித்துக் காட்டுகிற சாக்கில் முந்தானையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசப் பழகினார்கள்.

அண்ணாச்சியின் மகள் அங்கயற்கண்ணி காட்சித் தொடர்பியல் கடைசி வருஷம் படித்தாள். எல்லோருக்கும் அங்கை. கல்லாவுக்குப் பின்னால் தொட்டிலில் கிடந்து வளர்ந்தவள் என்பதால், ஒருவர் துணியைத் தொடுகிற விதத்தை வைத்தே வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவாள். படிப்பில் அதற்கு மார்க் கிடையாது. குழுவாகச் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ செய்ய வேண்டும், அதற்குத்தான் மார்க். குழுவில் மூன்று பேர். டெல்வின் பாட்டெழுதி, பாடி, நடித்து, இயக்கினான். மிச்சமிருந்தால் அதையும் செய்திருப்பான். காஜா மைதீன் கேமரா. எடிட்டிங் அங்கை.

பாட்டின் பல்லவி இது:

கால்போற பக்கம் போவேன்
களைப்பே எனக்கில்ல.

படம் எடுக்க அப்பாவின் கடையைக் கேட்டு அவள் பேரம் பேசினாள். அண்ணாச்சி எட்டாத உயரத்தில் ஆரம்பித்தார். கடைப் பெயர்ப்பலகை மூன்று தடவை தெரியவேண்டும், சொல்மறை மாட்டிக்கொண்டு யாராவது ஆடவேண்டும், முடிந்த வீடியோவை வாசலில் புதிதாக வைத்த எல்.இ.டி. திரையில் தீபாவளி வரைக்கும் ஓட்டிக்கொள்வேன் என்றார். பலகை ஒரு தடவை, சொல்மறை கிடையாது, எல்.இ.டி. சரி என்று முடித்தாள் அங்கை. எல்.இ.டி.யைத்தான் அவர் உண்மையில் விரும்பினார் என்பது அவளுக்குத் தெரியும். மற்ற இரண்டும் விட்டுக்கொடுப்பதற்காகக் கேட்டவை. இதெல்லாம் நடந்தபோது பக்கத்தில் புஷ்பக்கா புடவை மடித்துக்கொண்டிருந்தாள். மரியபுஷ்பம் என்று பெயர். பிரிவில் மூத்தவள். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, அதன்மேல் துணி சுற்றிக்கொண்டு நிற்பாள்.

கடை திறப்பதற்கு முன் காலையில் படம்பிடித்தார்கள். பாட்டு ஒலிபெருக்கியில் அலற, டெல்வின் புடவை அலமாரிகளுக்கு நடுவே பாடிக்கொண்டே நடப்பான். அவன் பின்னால் ஒன்பது பெண்களும் வரிசையாக நின்று புடவைகளை விசிறி விரிப்பார்கள். காஜா கேமராவை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை நகர்த்துவான். நாலைந்து தடவை எடுத்தும் டெல்வினுக்குப் பிடிக்கவில்லை. கடைசித் தடவைதான் அவன் நடையும் பாட்டும் ஒன்றாக விழுந்தன. கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

எடிட்டிங் கல்லூரி லேபில் நடந்தது. மியூசிக் வீடியோக்காரர்களுக்கு 'இதழ்' வேறு விதத்தில் உபயோகம். வாய் என்ன சொல்கிறது என்று படிக்கத் தெரிந்த சாப்ட்வேருக்கு, வாயை வேறொன்று சொல்ல வைக்கவும் தெரியும். 'உதடு ஒட்டு' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பாட்டுக்கும் வாய்க்கும் மயிரிழை இடைவெளி இல்லாமல் ஒட்டிவிடும்.

முதலில் டெல்வினின் குளோசப்பைப் போட்டாள். கீழே எழுத்து ஓடியது. இரண்டாவது சரணத்தில் அவன் உதடு, "இட்லி தோசை பொங்கல் வடை, இட்லி தோசை பொங்கல் வடை" என்றது.

"சொந்தமா எழுதின பாட்டுடா இது," என்றாள் அங்கை.

"காலைல சாப்பிடாம வந்துட்டேன். வரி மறந்துருச்சு. நீ ஒட்டிரு, யாருக்குத் தெரியப்போகுது."

காஜா சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் போனான். அவள் ஒட்டினாள். டெல்வின் உருக்கமாகப் பாடினான்.

பிறகு அந்தக் கடைசி ஷாட். அதைப் பார்த்ததும் காஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எடுக்கும்போது அவன் கண் டெல்வின்மேலேயே இருந்தது. பின்னால் நின்ற ஒன்பது பேரும் புடவையை இறக்கிவிட்டு நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயும் அசைந்தது. ஷாட் போச்சு என்றான். வேறு எதிலும் நான் இவ்வளவு நன்றாக நடக்கவில்லையே என்றான் டெல்வின். அங்கை பின்னணி முகங்களுக்கும் 'இதழை'ப் போட்டாள்.

கேமரா இடமிருந்து நகர நகர, முதல் தலைக்குமேல் எழுத்து வந்தது. பிறகு அடுத்த தலைக்குமேல். அதே எழுத்து. ஒன்பது தலைக்குமேலும் ஒரே வாக்கியம்.

'உக்கார விடலேன்னா தீவாளிக்கு முன்னாடி எல்லாரும் நின்னுருவோம்.'

டெல்வினுக்குப் புரியவில்லை. "உக்கார விடலேன்னா நின்னுக்கத்தானே செய்யணும்? இதுல என்ன இருக்கு?"

"வேலைய விட்டு நின்னுருவோம்னு சொல்றாங்கடா."

நாளெல்லாம் நிற்பதற்கும் அதே சொல், வேலையை விடுவதற்கும் அதே சொல். தீபாவளிக்கு முன்னால் புடவைப் பிரிவு காலியானால் அந்த வருஷ வியாபாரமே படுத்துவிடும். இது அப்பாவுக்குத் தெரிந்தால் யார் ஆரம்பித்தது என்று பார்ப்பார். யார் என்று தெரிந்தால் தனத்துக்கு நடந்தது நடக்கும். ஒரே வார்த்தைக்கே அப்படி என்றால், இது முழு வாக்கியம். இந்த வீடியோ போகப்போவதோ அவர் கடை வாசலுக்கு.

காஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கை, இவங்க எல்லாரும் கேமரா அவங்ககிட்ட வர்ற நேரத்துக்குப் பேசுறாங்க. கவனிச்சியா?"

"அவங்க எப்பவுமே அப்படித்தான். ஒரு ஆள் சொன்னா பக்கத்து ஆள் வாங்கி அடுத்த ஆளுக்குக் கடத்துவாங்க. சின்னப் பிள்ளையில இருந்து பாத்திருக்கேன்."

"மெதுவாவும் பேசுறாங்க. செவிட்டு ஆளுக்குச் சொல்ற மாதிரி."

"பாட்டு அந்த அலறு அலறுச்சுல்ல," என்றாள் அங்கை. சத்தமில்லாமல் பேசுகிறவர்களுக்குப் பாட்டு அலறினால் என்ன, அலறாவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றவில்லை. கடையைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அதுதான் சிக்கல்.

ஷாட்டைத் தூக்கிவிடலாம் என்றாள். டெல்வின் விடவில்லை, அந்த நடை இல்லையென்றால் வீடியோவே இல்லை என்றான். கடைசியில் அங்கைக்கே யோசனை வந்தது. ஒன்பது முகங்களையும் தேர்ந்தெடுத்தாள். 'உதடு ஒட்டு' பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒன்பது பெண்களும் பாடினார்கள். வரிசையாக, ஒருத்தி முடிக்கும் இடத்தில் அடுத்தவள் எடுத்து, கால்போற பக்கம் போவேன், களைப்பே எனக்கில்ல. லென்ஸைப் பார்த்தது இப்போது தப்பாகத் தெரியவில்லை. பாடுகிறவர்கள் பார்க்கத்தானே செய்வார்கள். டெல்வின் இது தன் யோசனை என்று அப்போதே நம்ப ஆரம்பித்துவிட்டான்.

மதிப்பீட்டுக்கு வந்த பேராசிரியை அந்த இடத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். உழைக்கும் பெண்களின் முகத்தில் இப்படி ஒரு மலர்ச்சியை யாரும் காட்டியதில்லை என்றார். அங்கைக்கு மார்க்கைவிட வேறொரு திருப்தி இருந்தது. ஒன்பது பேரைக் காப்பாற்றியிருக்கிறாள், அவர்களுக்கே தெரியாமல்.

ஐப்பசி பிறந்ததும் எல்.இ.டி. திரையில் வீடியோ வெளியானது. அண்ணாச்சி வாசலில் சர்பத் கொடுத்தார். தெருவே நின்று பார்த்தது. புடவைப் பிரிவுப் பெண்களும் கதவோரம் வந்து நின்றார்கள். கடைசி ஷாட் வந்தபோது, அந்த ஊரில் வாய் அசையும் எந்தத் திரைக்கும் செய்கிற மாதிரி, கூட்டம் செல்போனை உயர்த்தியது. போன்களில் எழுத்து ஓடியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே போனைப் பார்த்துப் பல்லவியைப் பாடினார்கள்.

அங்கை திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று நினைத்தாள். அவர்கள் திரையைப் பார்க்கவில்லை, தெருவில் உயர்ந்திருந்த போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் புஷ்பக்கா அவளைக் கூப்பிட்டாள். வழக்கமாகப் பிடிக்கும் முந்தானையைப் பிடிக்கவில்லை. வெறும் வாயோடு, சத்தமாகவே கேட்டாள்.

"பாப்பா, நாங்க பாடலயே?"

அங்கை குரலைத் தாழ்த்தி விளக்கினாள். என்ன சொன்னீர்கள் என்று படித்துவிட்டேன், அப்பா பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும், தனம் அக்காவை மறந்துவிட்டீர்களா, அதனால்தான் மாற்றினேன், யாருக்கும் தெரியாது, பயப்படாதீர்கள் என்றெல்லாம் சொன்னாள்.

புஷ்பக்கா கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்த மாதிரி இல்லை. கால் மாற்றி நின்றாள்.

"தெரியணும்னுதான பாப்பா சொன்னோம்."

"என்னக்கா?"

"நீயும் அண்ணாச்சியும் டி.வி.ய வாசல்ல வைக்கிறதப் பத்திப் பேசுனீங்கள்ல, அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். கடைக்குள்ள இருக்குற கேமராவுல சொன்னா அவருக்கு மட்டும் தெரியும். அவர் ஒவ்வொரு ஆளா கூப்பிட்டுப் பேசுவாரு. அவர்கிட்ட தனியாப் பேசி யாரு ஜெயிச்சா? வாசல்ல சொன்னா ஊருக்கே தெரியும். ஊரு பாக்கும்போது ஒம்பது பேர்ல யார அனுப்புவாரு? யாரு மொதல்ல சொன்னான்னு கேட்டா, கேமரா யாருகிட்ட மொதல்ல வந்துச்சோ அவதான்." சிரிக்க முயன்றாள். "ஒரு வாரமா வீட்டுல கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்தோம். மெஷினுக்குப் புரியணுமேன்னு மெதுவாச் சொன்னோம். புடவைய எறக்கிட்டுச் சொன்னோம்."

அங்கைக்குக் காஜா கேட்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"நான் ரகசியம்னு நினைச்சுட்டேன்க்கா."

"சத்தமில்லாமப் பேசுனா ரகசியம்னு நினைக்கிறது உங்க பழக்கம். எங்களுக்குச் சத்தமே கிடையாதே பாப்பா." புஷ்பக்கா ஒரு புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பிறகு நினைத்துக்கொண்டு, "களைப்பே எனக்கில்லன்னு வேற பாட வச்சுட்டியே," என்றாள்.

அங்கை நேரே கல்லாவுக்குப் போனாள். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை. அண்ணாச்சி நல்ல மனநிலையில் இருந்தார். வீடியோவால் கூட்டம் ஏறியிருக்கிறது என்றார். மகள் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் இதே தெருவில் வேறொருவர் கடையில் துணி விரித்துப் போட்டு வளர்ந்தவர்தான்.

"ஷூட்டிங் அன்னைக்கு வேற என்னமோல்லா சொன்னாளுவ," என்றார் மெதுவாக. "வாய் பாக்க எனக்கு மெஷின் எதுக்கு? இந்தத் தெருவுல முப்பது வருசம் அதப் பேசித்தான பொழச்சேன்."

"தெரிஞ்சும் ஏம்ப்பா ஒண்ணும் சொல்லல?"

"யாவாரத்துல மொதல்ல வாயத் தொறக்குறவன் தோப்பான்லா. வாசல்ல ஓடட்டும், ஊரு கேட்டா அப்புறம் இறங்கி வருவோம்னு இருந்தேன். நீ அதுக்கு முன்னாலயே ஒரு ஸ்டூல்கூட எறக்காம முடிச்சிட்ட." அவர் குரலில் கேலி இல்லை. நிஜமான பெருமை இருந்தது. "எம் பிள்ளைக்கு யாவார மூளை."

இதுவரை அவர் அவளைப் பாராட்டியதே இல்லை. எத்தனையோ பேரத்தில் அவள் ஜெயித்த நாளில்கூட உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். இப்போது கிடைத்த பாராட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே டெல்வினையும் காஜாவையும் பார்த்தாள். திரையில் ஓடுவதை மாற்றப் போகிறேன், பின்னணி உதடுகளைப் பழையபடி விடப்போகிறேன் என்றாள். காஜா உடனே தலையாட்டினான். டெல்வின் மாட்டேன் என்றான். வீடியோ ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. ஒன்பது பேர் பாடுகிற அந்த இடத்துக்காகத்தான் பரவியது. மூன்று பேர் சேர்ந்து செய்தது, ஒருத்தி மட்டும் மாற்ற முடியாது என்று நியாயம் பேசினான். நியாயம்தான். அங்கை மறுக்கவில்லை.

"சரிடா. ஒரு பக்கம் மட்டும் மாத்துனா தப்பு. எல்லாரையும் ஒரிஜினலுக்கே மாத்திருவோம். உன்னையும்."

டெல்வினுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "என்னைய ஏன்?"

"ரெண்டாவது சரணம்."

காஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"பின்னாடி நிக்கிறவங்க மட்டும் போதும்," என்றான் டெல்வின்.

மறுநாள் காலை அங்கை லேப்டாப்போடு புடவைப் பிரிவுக்கு வந்தாள். முதல் தடவை கேட்காமல் விட்டதை இந்தத் தடவை கேட்டாள். போடவா, வேண்டாமா? அப்பாவுக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியும் என்றதும் புஷ்பக்காவின் கை மடித்துக்கொண்டிருந்த புடவையில் நின்றது. பிறகு அதை விரித்து வாய்க்கு நேரே பிடித்தாள். அடுத்தவள் விரித்தாள். கேள்வி வரிசையின் மறுகோடிக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் தங்கி, ஒன்பது நிறங்களுக்குப் பின்னால் திரும்பி வந்தது. அங்கை தொலைவில் நின்றாள். அவள் படிக்க முயலவில்லை.

புஷ்பக்கா புடவையை இறக்கினாள்.

"போடு பாப்பா."

கடை நிறைந்திருந்த நேரத்தில் வீடியோ மாறியது. வெறும் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. அதே நடை, அதே பாட்டு, அதே புடவைகள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பின்னால் நிற்பவர்களின் வாய் பாட்டோடு ஒட்டவில்லை என்று தெரியும். எதிர்ச்சாரிப் பாத்திரக்கடைக்காரர் பல்லவிக்காகப் போனை உயர்த்தினார். உயர்த்திய கையை இறக்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். இன்னொரு போன் உயர்ந்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் தன் போனில் ஓடியதை வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டுக் கதவு வழியாக உள்ளே எட்டிப்பார்த்தாள். அங்கே ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி கல்லாவிலிருந்து தெருவைப் பார்த்தார். திரையின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரியும். ஆனால் தெருவில் இருந்தவர்களின் வாய்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு மெஷின் வேண்டியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகளைத் தேடினார். அவள் மாடிப்படிக்குப் பக்கத்தில், வாயை எதனாலும் மறைக்காமல், அவரைப் பார்த்தபடி இருந்தாள்.

யார் முதலில் பேசுவது என்று கொஞ்ச நேரம் போனது.

பிறகு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள், ஸ்டூல்கள் இருந்த மாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, எழுந்து நின்றார்.